கடல் ஏன் கட்டம் கட்டமா உடையுது?

கேள்வி: அண்ணே, காசிமேட்டுல இருந்து எழுதுறேன். விடியக்காலைல படகு கரைக்கு வர்றது, ஏலம் வுடுறது எல்லாத்தையும் போன்ல 4கேல எடுத்து லேப்டாப்ல எடிட் பண்ணி யூடியூப்ல போடுறேன். எடிட் பண்றப்ப சூப்பரா கீது, ஏத்தினதும் கடல் தண்ணி மொத்தம் கட்டம் கட்டமா உடையுது. அதே வீடியோல எங்க தாத்தா உக்காந்து வலை தைக்கிற எடம் மட்டும் நல்லா கீது. 1080பி, 2 எம்பிபிஎஸ்ல எக்ஸ்போர்ட் பண்றேன், நெட்டு மிச்சம்னு ஃப்ரெண்டு சொன்னான். போன மாத்தணுமாண்ணே?

பதில்: போன மாத்தாத தம்பி, காச பத்திரமா வெச்சுக்கோ. பதில நீயே எழுதி அனுப்பிட்ட, தாத்தா தெரியுறாரு, தண்ணி தெரியல. வீடியோவ அமுக்கி சின்னதாக்குற முறைக்கு பேரு கோடெக், அது எல்லா ஃப்ரேமையும், அதாவது வீடியோல ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஓடுற ஒவ்வொரு படத்தையும், முழுசா சேர்த்து வெக்காது, அப்பப்ப ஒரு முழு ஃப்ரேம வெச்சுக்கினு அதுக்கப்புறம் வர்றதுல எது மாறுச்சோ அத மட்டும் குறிச்சுக்கும். தாத்தா பின்னாடி இருக்குற சுவரு மாறல, அவரு லுங்கி மாறல, கையும் ஊசியும் தான் ஆடுது, அவருக்கு 2 எம்பிபிஎஸ்ஸே, அதாவது செகண்டுக்கு 2 மெகாபிட் எடமே, ஓடிடும். கடல் அப்படியா, வெயில் பட்டு மின்னுற ஒவ்வொரு புள்ளியும் அடுத்த ஃப்ரேம்ல வேற எடத்துல நிக்குது, குறிச்சுக்க வேண்டியது மலையளவு, நீ குடுத்த எடமோ கொஞ்சூண்டு. ஹெச்.264ங்கிற கோடெக் படத்த 16க்கு 16 புள்ளி கட்டமா பிரிச்சு தான் வேலை பாக்கும், எடம் பத்தலன்னா கட்டத்துக்குள்ள இருக்குற நுணுக்கத்த தூக்கி கடாசிட்டு போயிடும், அப்புறம் கண்ணுக்கு தெரியுறது வெறும் கட்டம் தான்.

இதோட முடியல. நீ எத ஏத்தினாலும் யூடியூப் அத மறுபடி ஒரு தடவ தன் இஷ்டத்துக்கு அமுக்கும், அத யாராலயும் தடுக்க முடியாது. ஐஸ்ல இருந்த மீன எடுத்து வெயில்ல போட்டு மறுபடி ஐஸ்ல வெச்சா என்ன ஆவும்னு உனக்கு நான் சொல்ல வேணாம். அவங்க அமுக்குறதுக்கு முன்னாடி நீ அமுக்காத, அவ்ளோதான் விஷயம்.

யூடியூப் சொல்ற கணக்கு 1080பி, செகண்டுக்கு 30 ஃப்ரேமுக்கு 8 எம்பிபிஎஸ், 60 ஃப்ரேமுக்கு 12, 4கே 30 ஃப்ரேமுன்னா 35ல இருந்து 45. எம்பிபிஎஸ்ஸ 8ஆல வகுத்து எத்தினி செகண்டோ அத்தோட பெருக்கினா ஃபைல் எத்தினி எம்பின்னு வந்துடும். உன் 5 நிமிஷ வீடியோ 2 எம்பிபிஎஸ்ல 75 எம்பி, 8ல 300 எம்பி, 4கேல 40 குடுத்தா 1500 எம்பி. நீ எடுத்ததே 4கேன்னா 4கேலயே ஏத்து, பெரிய சைஸ் வீடியோவுக்கு அவங்க குடுக்குற கோடெக்கும் பிட்ரேட்டும், அதான் அந்த எம்பிபிஎஸ் கணக்கு, நல்லா இருக்கும், 1080பில வெச்சு பாக்குறவனுக்கு கூட உன் அலை கொஞ்சம் அலை மாதிரி தெரியும். டேட்டா பத்தலன்னா வைஃபை இருக்குற சொந்தக்காரங்க வூட்ல போய் ராத்திரி போட்டுட்டு தூங்கு. மத்தபடி எம்பி4, ஹெச்.264, சவுண்டுக்கு ஏஏசி, எடுத்த ஃப்ரேம் ரேட்டு எதுவோ எக்ஸ்போர்ட்லயும் அதேதான், 30ல எடுத்துட்டு 60ல வெக்கிறது வீண் வேலை. ஏவி1 2018ல வந்த கோடெக், நல்ல கோடெக் தான், ஆனா உன் லேப்டாப்புல போட்டா விடிஞ்சாலும் முடியாது, ஏத்துறதுக்கு அது தேவையும் இல்ல.

இன்னொன்னு, ஃப்ரெண்டு எடுத்த கிளிப்ப வாட்ஸ்அப்ல வாங்கி நடுவுல சேக்குற பழக்கம் இருந்தா வுட்டுடு. வீடியோவா அனுப்புனா அதுவே அமுக்கி தான் அனுப்பும். டாக்குமெண்டா அனுப்ப சொல்லு, 2 ஜிபி வரைக்கும் அப்படியே வரும்.

கேள்வி: திருவொற்றியூர்ல இருந்து தம்பி. பொண்ணு காதுகுத்து வீடியோவ பென்டிரைவ்ல போட்டு மாமியார் வீட்டு பழைய டிவில சொருகினா சத்தம் மட்டும் வருது, படம் வரல. என் போன்ல நல்லா ஓடுது, எம்பி4 தான். டிவி போச்சா?

பதில்: டிவி நல்லா தான் இருக்குக்கா. எம்பி4ங்கிறது வெறும் டப்பா, மேல பேர பாத்து உள்ள என்ன இருக்குன்னு சொல்ல முடியாது. உங்க போன் எடம் மிச்சம் பண்ண ஹெச்.265ங்கிற கோடெக்ல எடுத்திருக்கும், அது 2013ல வந்தது, பழைய டிவிக்கு அது தெரியாது, உள்ள இருக்குற ஏஏசி சவுண்டு மட்டும் தெரியும், அதான் மேளச்சத்தம் மட்டும் கேக்குது. ஹேண்ட்பிரேக்குன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல ஹெச்.264, 1080பின்னு வெச்சு, குவாலிட்டிய 20, 22 கிட்ட வுட்டு மாத்துங்க, நம்பர் கொறைய கொறைய படம் நல்லா வரும், ஃபைல் பெருசாவும். பென்டிரைவ் ஃபேட்32ங்கிற ஃபார்மட்ல இருந்தா ஒரு ஃபைல் 4 ஜிபிய தாண்டினா காப்பியே ஆவாது. நான் ஒரு தடவ கல்யாண வீடியோவ ஒரே ஃபைலா 6 ஜிபிக்கு வெச்சுக்கினு பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி முழிச்சிருக்கேன், ரெண்டா வெட்டிக்குங்க. அடுத்த விசேஷத்துக்கு போன் கேமரா செட்டிங்லயே ஹெச்.264க்கு மாத்திட்டு எடுங்க, இந்த வேலையே இருக்காது.

கேள்வி: வியாசர்பாடி கானா பாய்ஸ்ணே. பாட்டு தொடக்கத்துல வாயசைவு கரெக்டா கீது, 4வது நிமிஷத்துல வாய் ஒரு பக்கம் பாட்டு ஒரு பக்கம். டைட்டில் கருப்பு மேல சிவப்புல போட்டோம், அதுவும் பிசுறடிக்குது.

பதில்: ராத்திரி தெருவிளக்குல எடுத்தீங்களா? வெளிச்சம் கொறைஞ்சா போன் தானா ஃப்ரேம கொறைச்சுக்கும், செகண்டுக்கு 30 எடுக்க வேண்டியது ஒரு நேரம் 24, ஒரு நேரம் 28ன்னு ஏறி எறங்கும், சில எடிட்டிங் சாஃப்ட்வேர் அத 30ன்னே நெனச்சுக்கினு ஓட்டும், போக போக வெலகிடும். எடிட்டுக்கு முன்னாடியே அதே ஹேண்ட்பிரேக்ல கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்னு, அதாவது ஃப்ரேம் ஏறி எறங்காம ஒரே கணக்குல ஓடுற மாதிரி, வெச்சு ஒரு தடவ மாத்திக்குங்க, இந்த ஒரு எடத்துல மட்டும் ரெண்டாவது தடவ அமுக்குறது பரவால்ல, குவாலிட்டிய 16, 18ல வெச்சுடுங்க. சிவப்பு பிசுறுறதுக்கு காரணம், வெளிச்சத்த ஒவ்வொரு புள்ளிக்கும் எழுதுற வீடியோ கலர மட்டும் 4 புள்ளிக்கு ஒரு தடவ தான் எழுதும். கருப்பு மேல சிவப்புன்னா வெளிச்ச வித்தியாசம் கம்மி, எழுத்து மொத்தமும் கலர நம்பி தான் நிக்குது. மஞ்சளோ வெள்ளையோ வைங்கப்பா, இல்ல சிவப்பு தான் வேணும்னா எழுத்த சுத்தி வெள்ளையில ஒரு பார்டர் குடுங்க.