விக்டரி ரிவால்வருக்குக் கிரிப் மாற்றலாமா? கேள்வி பதில்

ஸ்மித் அண்டு வெஸ்ஸன் விக்டரி மாடல் வைத்திருப்பவர்கள், அதன் கிரிப் (கைப்பிடியின் இருபுறமும் ஸ்க்ரூவால் மாட்டிய மரத்துண்டு ஜோடி) பற்றி அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் தயாரான ரிவால்வர் இது. பிரிட்டனுக்குப் போனவை பெரும்பாலும் 5 அங்குலக் குழலும் .38/200 என்ற வகைத் தோட்டாவும். அமெரிக்கக் கடற்படைக்கு 4 அங்குலக் குழல், .38 ஸ்பெஷல் என்ற வேறு வகைத் தோட்டா. போர் முடிந்தபின் உபரியாக விலைக்கு வந்தவைதான் இன்று பலர் கையில் இருக்கின்றன.

கேள்வி: ஸ்க்ரூவைக் கழற்றியும் கிரிப் அசையவில்லை. கத்தி முனையால் நெம்பலாமா?

வேண்டவே வேண்டாம். மரத்தின் ஓரம் சில்லாகப் பெயர்ந்துவிடும். அடியில் பிரேமின், அதாவது துப்பாக்கியின் உலோகச் சட்டத்தின், சிறு பின் உட்காரும் இடத்தில் விரிசலும் விழும். முதலில் சிலிண்டரைத் திறந்து, ஆறு அறைகளும் காலி என்று கண்ணால் பாருங்கள். பிறகு ஸ்க்ரூவை மறுபடி மாட்டி, சில சுற்று மட்டும் தளர்வாக விடுங்கள். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் ஸ்க்ரூ தலையில் மெல்லத் தட்டினால், எதிர்ப்பக்க மரம் உள்ளிருந்து தள்ளப்பட்டு வந்துவிடும். அப்புறம் ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, இந்தப் பக்க மரத்தை உள்ளிருந்து விரலால் தள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவரின் முனை பள்ளத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும்.

கேள்வி: வலது கிரிப்பின் உள்பக்கம் ஏதோ எண் இருக்கிறது. அது என்ன?

துப்பாக்கியின் வரிசை எண். கைப்பிடியின் அடியில் V என்ற எழுத்தோடு இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால், ஆலையிலிருந்து அதனுடன் வந்த மரமே இன்னும் இருக்கிறது என்று பொருள். அந்த மரத்தை ராவாதீர்கள், உப்புத்தாள் போடாதீர்கள், விற்கவும் விற்காதீர்கள். துணியில் சுற்றித் தனியே வையுங்கள். சுடுவதற்கு வேறு ஜோடி வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: இன்று கடையில் கிடைக்கும் கிரிப் பொருந்துமா?

இது கே பிரேம், அதாவது ஸ்மித் அண்டு வெஸ்ஸனின் நடுத்தர அளவுச் சட்டம்; கைப்பிடியின் அடிப்பகுதி சதுரமானது. அதற்கென்று விற்கும் ஜோடி பெரும்பாலும் உட்காரும், ஓரத்தில் நூலளவு இடைவெளி தெரியலாம். அடிப்பகுதி வட்டமான கிரிப் பொருந்தாது. அடிப்பகுதியையும் சேர்த்து மூடும் ரப்பர் கிரிப்பில்தான் சிக்கல். கைப்பிடியின் அடியிலுள்ள கயிறு மாட்டும் வளையம் குறுக்கே நிற்கும், அதைக் கழற்ற வேண்டியிருக்கும். அந்த வளையம் இல்லாத விக்டரி பாதி விக்டரிதான் என்பேன். அடியைத் திறந்துவிடும் மர ஜோடியைத் தேடுங்கள்.

கேள்வி: என் கை பெரியது. சுடும்போது விசைக் காப்பு வளையம் நடுவிரலில் இடிக்கிறது.

அப்படியென்றால் கிரிப் மாற்றவே தேவையில்லை. வளையத்துக்கும் கைப்பிடிக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை நிரப்ப டைலர் டி-கிரிப் என்ற சிறு உலோகத் துண்டு உண்டு. அதன் தகடுகள் மரத்துக்கு அடியில் செருகிக்கொள்ளும். பழைய மரமும் தப்பும், விரலும் தப்பும்.

கேள்வி: மரம் வறண்டு வெளுத்துவிட்டது. வார்னிஷ் அடிக்கலாமா?

இதற்கு வார்னிஷ் பளபளப்பு பொருந்தாது. போர்க்கால வால்நட் மரம் வழவழப்பானது, கோடு வெட்டாதது. ஈரத்துணியால் அழுக்கைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை விரல் நுனியில் தொட்டுத் தேயுங்கள். மிச்சத்தைத் துடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள், வேண்டுமானால் இன்னொரு முறை. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயப்போடுங்கள்.

கேள்வி: கைப்பிடியின் முன்பக்கம் கீழே ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. அதையும் கழற்ற வேண்டுமா?

தொடாதீர்கள். அது சுத்தியலுக்கு விசை தரும் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்திருக்கிறது. தளர்ந்தால் சுத்தியலின் அடி பலமிழந்து தோட்டா வெடிக்காமல் போகும். கிரிப் கழன்றிருக்கும்போது பிரேமில் துருப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து, லேசாக எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு மாட்டுங்கள். கிரிப் ஸ்க்ரூவை விரல் பலத்துக்கு மேல் முறுக்க வேண்டாம், மரம் பிளந்துவிடும்.