மண்டையைத் திறக்காமல் மூளையைத் தூண்டும் ஆராய்ச்சியில் ஆல்வாரோ பாஸ்குவல்-லியோனே செய்தது என்ன?

முதலில் இதற்கான கருவியைப் பற்றி. இந்த முறைக்குக் காந்தத் தூண்டல் (TMS) என்று பெயர். 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு இதை உருவாக்கியது. தலைமேல் வைத்த கம்பிச்சுருளில் ஒரு கணம் பலமான மின்சாரம் பாயும். அதன் காந்தப்புலம் மண்டையோட்டைத் தாண்டி, மூளையின் மேற்பரப்பில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டும். கைக்கான பகுதியில் வைத்தால் விரல் தானாகத் துடிக்கும்.

ஸ்பெயினில் பிறந்த நரம்பியல் மருத்துவரான பாஸ்குவல்-லியோனே, இந்தக் கருவியைக் கேள்வி கேட்கும் கருவியாக மாற்றினார். எனக்கு மிகவும் பிடித்தது 1995-இல் வந்த பியானோ ஆய்வு. ஐந்து விரல் பயிற்சி ஒன்றை ஐந்து நாள், தினமும் இரண்டு மணி நேரம் வாசித்தவர்களின் மூளையை இந்தக் கருவியால் அளந்தபோது, விரல்களுக்கான பகுதி விரிந்திருந்தது. சரி, அது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் விரலை அசைக்காமல் மனதுக்குள்ளேயே வாசித்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு மாற்றம்!

1997-இல் அவரும் பங்கேற்ற இன்னொரு ஆய்வு: சிறுவயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெய்ல் (விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளி எழுத்து) படிக்கும்போது, மூளையின் பின்பக்கத்தில் பார்வைக்கான பகுதியைத் தூண்டினார்கள். தூண்டல் அந்தப் பகுதியின் வேலையை ஒரு கணம் குலைத்ததும் படிப்பதில் பிழைகள் வந்தன. அதாவது, அந்தப் பகுதி சும்மா கிடக்கவில்லை. தொடுதலைப் படிக்கும் வேலையில் இறங்கியிருந்தது. ஸ்கேன் படம் ஒரு பகுதி செயல்படுவதை மட்டும்தான் காட்டும். அந்த வேலைக்கு அது தேவையா என்பதை இப்படிக் குறுக்கிட்டால்தான் தெரியும். இந்த முறையின் உண்மையான பலம் இதுதான் என்பேன்.

அப்புறம் சிகிச்சை. மருந்துக்கு இணங்காத மனச்சோர்வில் மூளையின் இடது முன்பகுதியைத் தூண்டினால் பலன் உண்டு என்று 1996-இல் வெளியிட்டார். 2008-இல் அமெரிக்க அரசு இம்முறைக்கு அனுமதி தந்தது.