வேலையின்மை 0.1 சதவீதம் என்றால் நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் விவசாயக் குடும்பம். மகன் ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக் படித்தவன். "கத்தாரில் வேலையின்மை 0.1 சதவீதம், ஜோர்டானில் 20 கிட்ட, நம் நாட்டில் 3. கத்தாருக்குப் போனால் வேலை நிச்சயம்" என்கிறார் ஏஜென்ட். 3 லட்சம் கேட்கிறார். நகையை வைத்துக் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. ஏஜென்ட் சொன்ன சதவீதங்கள் ஏறக்குறைய சரிதான், அவர் சொல்லும் அர்த்தம்தான் தப்பு.

கத்தாரில் வசிப்பவர்களில் பெரும்பாலோர் வேலை விசாவில் வந்த வெளிநாட்டவர்கள். வேலை போய், வேறு முதலாளியும் கிடைக்காவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான். ஊர் திரும்பிவிட்ட ஆளை அந்த நாட்டுக் கணக்கு எப்படிக் காட்டும்? நம் 3 சதவீதம் வேறு ரகம். அரசின் ஆண்டுக் கணக்கெடுப்பில் வருஷத்தில் 30 நாள் வேலை பார்த்தாலே அவர் வேலையில் உள்ளவர். மேட்டூர் திறந்து நடவுக்கும் பிறகு அறுப்புக்கும் போய், மீதி மாதங்கள் சும்மா இருப்பவரும் அதில் அடக்கம். சொந்த வயலில் சம்பளமில்லாமல் உழைக்கும் பிள்ளையும் அப்படியே. அதனால்தான் அதே கணக்கெடுப்பில் 2023-24ல் மொத்த வேலையின்மை 3.2 சதவீதம் மட்டுமே; ஆனால் 15 முதல் 29 வயதுக்குள் அது 10.2 சதவீதமாக இருந்தது. ஜோர்டானில் ஒதுங்கிக்கொள்ள வயல் குறைவு, வேலை இல்லாதது அப்படியே கணக்கில் தெரிகிறது. ஆசியாவிலேயே கம்போடியாவிலும் 1 சதவீதத்துக்குக் கீழேதான்; அதனால் அங்கே போனால் நல்ல சம்பளம் நிச்சயம் என்று ஆகிவிடாது.

நீங்கள் பார்க்க வேண்டியது சம்பளமும் கடனும். கத்தாரில் 2021 முதல் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் மாதம் 1,000 ரியால். முதலாளி தங்குமிடமும் சாப்பாடும் தராவிட்டால் முறையே 500, 300 ரியால் கூடுதல். ரியால் 23 ரூபாய் என்று வைத்தால் கையில் 23,000. அதில் 15,000 ஊருக்கு அனுப்புகிறான் என்போம். 3 லட்சம் நகைக்கடனுக்கு 12 சதவீத வட்டி என்றால் முதல் மாதம் வட்டி மட்டுமே 3,000. கடன் முழுதும் அடைய 23 மாதம். இரண்டு வருஷ ஒப்பந்தமென்றால் வீட்டுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றரை மாதப் பணம்! நகைக்கடனைப் பல இடங்களில் 12 மாதத்தில் திருப்ப வேண்டும், அதற்குள் புதுப்பிக்காவிட்டால் ஏலம்.

பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், அதாவது 35,400. மேலே கேட்பது எதற்கென்று எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அவருடைய பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். பணத்தைக் கணக்கு வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

சென்னையிலுள்ள கத்தார் விசா மையத்தில் ஒப்பந்தத்தைக் காட்டித்தான் கையெழுத்து வாங்குவார்கள். அங்கே ஏ.சி. மெக்கானிக் என்று இருக்கிறதா, ஹெல்ப்பர் என்று இருக்கிறதா, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் தனியா என்று மகன் படித்துப் பார்க்கட்டும். வாயால் சொன்னதும் தாளில் இருப்பதும் ஒத்துவராவிட்டால் கையெழுத்துப் போடாமல் திரும்பிவிடலாம். ஆனால் அதற்கு முன்பே 3 லட்சம் கைமாறியிருந்தால் திரும்ப மனசு வராது. எனவே அந்தத் தாளைப் பார்க்கும்வரை நகை பீரோவிலேயே இருக்கட்டும்.