ஒரே ஆர்டர் மூன்று முறை பதிவாவது ஏன்? ஏபிஐ இணைப்பு: கேள்வி-பதில்

இம்முறை முதல் கேள்விக்கு மட்டும் நீண்ட பதில். மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சிக்கலில் ஒரு முறையாவது மாட்டாத இணைப்பை நான் பார்த்ததில்லை.

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறோம். எங்கள் இணையதளத்துக்கு வரும் ஆர்டர், ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு தகவல் பரிமாறும் வழி) வழியாகக் கணக்கு மென்பொருளில் தானாகப் பதிவாகிறது. வாரத்துக்கு ஓரிரு ஆர்டர் மட்டும் இரண்டு முறை, சில சமயம் மூன்று முறை விழுந்துவிடுகிறது. நெட்வொர்க் கோளாறு என்கிறார் புரோகிராமர். இணைய சேவையை மாற்றினால் சரியாகுமா?

குறையும், நிற்காது. கடையில் யூபிஐ வழியாகப் பணம் அனுப்புகிறீர்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கடைக்காரரின் ஸ்பீக்கரும் பேசவில்லை. உடனே இன்னொரு முறை அனுப்புவீர்களா? கணக்கில் பணம் குறைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. உங்கள் நிரல் அப்படிப் பார்ப்பதில்லை. 30 விநாடி காத்திருக்கிறது, பதில் இல்லையென்றால் தோல்வி என்று முடிவு கட்டி மறுபடி அனுப்பிவிடுகிறது.

ஆர்டர் போய்ச் சேராததால் பதில் வராமல் இருக்கலாம். ஆர்டர் சேர்ந்து, வவுச்சரும் பதிவாகி, ‘பதிந்தாயிற்று’ என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்தும் இருக்கலாம். அனுப்பியவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ‘முடிந்தது’, ‘முடியவில்லை’ என்ற இரண்டு விடைகளோடு ‘தெரியவில்லை’ என்ற மூன்றாவது விடையும் ஏபிஐ அழைப்புக்கு உண்டு. அதற்கு உங்கள் நிரலில் இடம் இல்லை.

பல ஆண்டுகளுக்கு முன் நூல் வியாபாரி ஒருவருக்கு நான் எழுதிக் கொடுத்த இணைப்பிலும் அந்த இடம் இல்லை. ஒரு மாலை சர்வர் மெதுவாகிவிட்டது. 18 பெட்டிக்கான ஓர் ஆர்டருக்குக் கோடவுன் பிரிண்டரில் மூன்று டெலிவரி சலான்கள் அடுத்தடுத்து வந்து விழுந்தன. மூன்றுக்கும் வெவ்வேறு எண்கள். வாடிக்கையாளரும் நூல் கவுண்ட்டும் ஒன்றே. நேரத்தில் அரை நிமிட வித்தியாசம். 36 பெட்டிகள் லாரியில் ஏறிய பிறகுதான் கோடவுன் மேற்பார்வையாளர் சலான்களை வரிசையாக வைத்துப் பார்த்து, ஏற்றுவதை நிறுத்தச் சொன்னார். தவறு முழுக்க என்னுடையது. அந்த மூன்று தாள்களையும் இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆர்டர் உருவாகும்போதே வேறு எதற்கும் வராத ஓர் அடையாள எண்ணை அதற்கு இட்டுச் சேமித்துவிடச் சொல்லுங்கள். எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண்தான் போக வேண்டும். அந்த எண் முன்பே வந்திருந்தால், பெறும் பக்கம் புதிதாக எதையும் பதியாமல், முதலில் கொடுத்த பதிலையே திருப்பித் தர வேண்டும். ஐடெம்பொட்டன்சி கீ என்று புரோகிராமர்கள் சொல்வது இதைத்தான். இதில் இரண்டு இடங்களில் தவறுகிறார்கள். மறுமுயற்சி செய்யும் பகுதிக்குள்ளேயே எண்ணை உருவாக்கினால், ஒவ்வொரு முயற்சிக்கும் புது எண் பிறந்து பழைய கதையே தொடரும். ‘இந்த எண் இருக்கிறதா’ என்று தேடிப் பார்த்துவிட்டுப் பதிவதும் போதாது, ஏனென்றால் இரண்டு அழைப்புகள் ஒரே கணத்தில் வந்தால் இரண்டுக்குமே ‘இல்லை’ என்றுதான் விடை கிடைக்கும். அடையாள எண்ணைச் சேமிக்கும் பத்தியில் (காலம்) ஒரே எண் இருமுறை ஏறக்கூடாது என்ற கட்டுப்பாட்டைத் தரவுத்தளத்திலேயே போட்டுவிட வேண்டும்.

பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் முறையில் இந்த ஏற்பாடு அழகாக அமைந்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் வணிக நிறுவனங்களுக்கு எழுதும் பில்லுக்கு அது கட்டாயம். விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் ஆகிய நான்கையும் வைத்து 64 எழுத்துகள் கொண்ட ஐஆர்என் என்ற பில் பதிவு எண் கணக்கிடப்படுகிறது. அதே பில்லை மறுபடி அனுப்பினால், ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்று சொல்லித் தளம் மறுத்துவிடும். இது நல்ல செய்தி. முன்பு கொடுத்த ஐஆர்என்-ஐக் கேட்டு வாங்கிப் பில்லில் அச்சிட்டால் வேலை முடிந்தது. ஆனால் பல மென்பொருள்கள் இதைச் சிவப்பு எழுத்தில் ‘பிழை’ என்று காட்டுகின்றன. பில் போடும் பெண் என்ன செய்வார் பாவம்? வாடிக்கையாளர் முன்னால் நிற்கிறார். பில் எண்ணை மாற்றி மறுபடி அனுப்புகிறார், உடனே போய்விடுகிறது. இப்போது ஒரே விற்பனைக்கு இரண்டு பில், இரண்டுக்கும் வரி. தளத்தில் ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம், அதற்குப் பிறகு கிரெடிட் நோட் போட்டுத்தான் சரிக்கட்ட வேண்டும். அந்தச் சிவப்பு எழுத்தை மாற்றுவது அரை நாள் வேலை. தயவுசெய்து முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள்.

வெளியூரிலிருக்கும் எங்கள் ஆப்பிலிருந்து டேலி கணக்கு மென்பொருளில் பதிய, அலுவலகக் கணினியின் 9000 போர்ட்டை (தகவல் உள்ளே வரும் வாசல்) இணையத்துக்குத் திறந்து வைத்திருக்கிறோம். நன்றாக வேலை செய்கிறது. ஆபத்து உண்டா?

உண்டு. இன்றைக்கே மூடுங்கள். அந்தப் போர்ட்டில் எக்ஸ்எம்எல் வடிவில் கட்டளை அனுப்பத் தெரிந்த எவரும் உங்கள் லெட்ஜரைக் கேட்டு வாங்க வழி கிடைத்துவிடுகிறது. டேலி இருக்கும் கணினியிலேயே ஒரு சிறு நிரலை ஓடவிடுங்கள். அது வெளியே உள்ள உங்கள் சர்வரிடம் போய்ப் புதிய பதிவுகளை எடுத்துவந்து, உள்ளுக்குள் டேலியிடம் கொடுக்கட்டும். வெளியிலிருந்து உள்ளே வரும் வழி எதுவும் வேண்டாம்.

வாடிக்கையாளர் பெயர்களைத் தமிழில் வைத்திருக்கிறோம். ‘கோபால் ஸ்டோர்ஸ்’ இரண்டு மென்பொருளிலும் இருக்கிறது, கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் ஒத்திசைக்கும்போது பொருந்தாமல் புதிய வாடிக்கையாளராகச் சேர்ந்துவிடுகிறது. ஏன்?

இந்தக் கடிதம் எனக்கு மிகவும் பிடித்தது, தமிழில் வேலை செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் வகைச் சிக்கல் இது. ‘கோ’ என்ற எழுத்தை யூனிகோடில் (எழுத்துகளுக்கான உலகப் பொதுக் குறியீட்டு முறை) இரண்டு விதமாக எழுதலாம். ‘க’வும் ‘ோ’ என்ற ஒற்றைக் குறியும் சேர்ந்தது ஒரு விதம். ‘க’, இரட்டைக் கொம்பு, கால் என்று மூன்றாகப் பிரித்து வைத்தது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் முதலாவதற்கு 6 பைட், இரண்டாவதற்கு 9 பைட். கணினி பைட்டைத்தான் ஒப்பிடுகிறது. ‘கொ’, ‘கௌ’ வரிசைகளிலும் இதே கதை. பெயர் உள்ளே வரும் இடத்திலேயே என்எஃப்சி என்ற சீர்வடிவத்துக்கு மாற்றிச் சேமியுங்கள். பெரும்பாலான நிரல்மொழிகளில் அதற்கு ஒரே வரி போதும். ‘கௌ’வில் ஔகாரக் குறிக்குப் பதிலாக யாராவது ‘ள’வைத் தட்டியிருந்தால் மட்டும் என்எஃப்சி உதவாது, அதைக் கையால்தான் திருத்த வேண்டும்.

எப்படியும் பெயரை வைத்துப் பொருத்தாதீர்கள். ஜிஎஸ்டி எண்ணோ நீங்களே கொடுத்த வாடிக்கையாளர் எண்ணோ இருக்கட்டும்.

குன்னூரில் தேயிலை அனுப்புகிறோம். எங்கள் எச்எஸ்என் குறியீடு (பொருள் வகையைக் குறிக்கும் எண்) 0902. மறுபக்கம் 902 என்று போய் நிராகரிக்கப்படுகிறது. அதோடு ஏப்ரல் 1 அதிகாலையில் போட்ட சில பில்கள் மார்ச் 31 என்று பதிவாகிவிட்டன. இரண்டும் ஒரே பிழையா?

வெவ்வேறு பிழைகள். குறியீட்டை யாரோ எண்ணாக வைத்திருக்கிறார்கள், அதனால் முன்னால் உள்ள பூஜ்யம் உதிர்ந்துவிட்டது. கூட்டவோ கழிக்கவோ தேவைப்படாத குறியீடு, பின்கோடு, தொலைபேசி எண் எல்லாவற்றையும் எண்ணாக இல்லாமல் எழுத்துச் சரமாக (டெக்ஸ்ட்) அனுப்பச் சொல்லுங்கள். இடையில் எக்செல் இருந்தால் அதையும் ஒரு கண் பாருங்கள்.

தேதிச் சிக்கலுக்குக் காரணம், சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுவது. நம் நேரம் அதைவிட 5.30 மணி முன்னால் இருப்பதால், விடியற்காலை 5.30 வரை சர்வருக்கு முந்தைய நாள்தான். மற்ற நாட்களில் இது ஒரு நாள் பிசகு. ஏப்ரல் 1 அன்று மட்டும் பில் முந்தைய நிதியாண்டுக்கே போய்விடுகிறது. நேரத்தை +05:30 என்ற குறிப்போடு அனுப்பி, பில் தேதியைத் தனிப் புலமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் வந்ததா என்று கட்டண நிறுவனத்தின் ஏபிஐ-யை ஒவ்வொரு விநாடியும் கேட்கிறோம். அடிக்கடி 429 என்று பதில் வருகிறது.

429 என்றால் அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள் என்று பொருள். அவர்களே உங்களுக்குத் தகவல் சொல்லும் வெப்ஹூக் முறைக்கு மாறுங்கள். வந்த தகவல் உண்மையில் அவர்களுடையதுதானா என்று கையொப்பத்தைச் சரிபார்க்கும்போது, வந்த உரையை அப்படியே எடுங்கள். தகவல் வரும் ஜேசன் வடிவத்தைப் பிரித்து மறுபடி கோத்துச் சரிபார்த்தால் ஓர் இடைவெளி மாறியதற்குக்கூடப் பொருந்தாமல் போகும். வெப்ஹூக் சில நேரம் இருமுறை வரும், சில நேரம் வராமலே போகும். ஆகவே இரவில் ஒரு முறை அன்றைய பட்டியல் முழுவதையும் வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பதை விடாதீர்கள்.

ஏபிஐ ரகசிய சாவி தவறுதலாக கிட்ஹப்பில் (நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம்) ஏறிவிட்டது. பத்து நிமிடத்தில் பார்த்து அந்த வரியை அழித்துவிட்டேன். போதுமா?

போதாது. பழைய பதிப்பில் அந்த வரி அப்படியே இருக்கிறது. இப்படிக் கசியும் சாவிகளைத் தேடுவதற்கென்றே தானியங்கி நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, பத்து நிமிடம் அவற்றுக்குத் தாராளம். சாவியை உடனே ரத்து செய்து புதியது எடுங்கள். பிறகு, சாவி கிட்ஹப்பில் ஏறிய நேரத்திலிருந்து அதால் நடந்த அழைப்புகளின் பட்டியலை எடுத்து, உங்களுடையது எது, இல்லாதது எது என்று வரி வரியாகப் பாருங்கள்.