வேலை, குழந்தை, இக்னோ எம்.ஏ.: மூன்றும் சேர்ந்து நடக்குமா?

"தனியார் நிறுவனத்தில் முழுநேர வேலை, நான்கு வயதில் குழந்தை. இக்னோவில் எம்.ஏ. சேர ஆசை. சமாளிக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். மதுரையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்த்துக்கொண்டே இக்னோவில், அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், தொலைதூரப் படிப்பாகப் பொது நிர்வாகம் எம்.ஏ. முடித்தவள் நான். ஆனால் இரண்டே வருடத்தில் முடித்தாக வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

கணக்கு போட்டுப் பார்த்தால் ஏன் என்று புரியும். இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. நான் படித்தபோது முதல் வருடம் நான்கு தாள்கள், ஒவ்வொன்றும் 8 கிரெடிட். ஒரு தாளுக்கு 240 மணி நேரம், நான்குக்கும் 960. வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. சிறு குழந்தை இருக்கும் வீட்டில் எங்கிருந்து எடுப்பது? அதே படிப்பை முடிக்க நான்கு வருடம் வரை அவகாசம் உண்டு. அதை முழுதாகப் பயன்படுத்தினால் வாரத்துக்கு ஒன்பது மணி நேரம் போதும். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும், எந்தத் தடவை எத்தனை தாள் எழுதுவது என்பது உங்கள் முடிவு. ஒன்றோ இரண்டோ எழுதினால் போதும் என்று நிதானமாக எடுத்துக்கொண்டேன். கூடப் படித்த சிலர் சீக்கிரம் முடித்தார்கள். அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

அப்புறம் வீடு. விடிகாலையில் எழுந்து படி என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த நேரத்தில் அடுப்படியில் யார் நிற்பது என்பதைத்தான் முதலில் பேசி முடிக்க வேண்டும். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே நானும் கணவரும் உட்கார்ந்து பேசினோம். காலைச் சமையலும் பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்புவதும் அவர் பொறுப்பு, இரவு டிபன் என்னுடையது. தேர்வு மாதத்துக்கு மட்டும் என்றில்லாமல், படிப்பு முடியும் வரைக்கும் அப்படித்தான் என்று பேசிக்கொண்டோம். பாதியில் நிறுத்திய பெண்கள் சிலரை எனக்குத் தெரியும். பாடம் கடினம் என்று அவர்கள் யாரும் சொல்லவில்லை. வீட்டு வேலையில் ஒன்றுகூடக் குறையாமல் அதன் தலைமேல் படிப்பும் வந்து உட்கார்ந்ததுதான் காரணம். மாலையில் வீடு திரும்பியதும் பிள்ளை தூங்கும் வரை புத்தகத்தைத் தொடுவதில்லை என்றும் வைத்துக்கொண்டேன். அந்த நேரம் அவனுக்கு.

அலுவலகத்தில் எந்த மாதம் நெருக்கடி என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மார்ச் 31 ஆண்டுக் கணக்கு முடிப்பு, செப்டம்பர் 30 அரையாண்டு முடிப்பு. வீட்டிலேயே எழுதிக் கொடுக்க வேண்டிய அசைன்மென்ட் தாளில் அச்சிட்டிருந்த கடைசித் தேதிகளும் கிட்டத்தட்ட அவையேதான்! தேதியைப் பல தடவை நீட்டிப்பார்கள், ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது. மதிப்பெண்ணில் 30 சதவீதம் அசைன்மென்ட், 70 சதவீதம் தேர்வு, இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். அத்தனையும் கையால் எழுத வேண்டியது வேறு. அதனால் பிப்ரவரியிலேயே எழுதி முடித்துவிடுவேன், மார்ச்சில் புத்தகத்தைத் திறக்கவே மாட்டேன். ஏப்ரல், மே இரண்டும் ஜூன் தேர்வுக்கு. வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமை விடுமுறை என்பதால் பெரிய பாடங்களை அந்த நாட்களுக்கு வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் படிக்கவில்லை. கல்யாணம், காதுகுத்து, அம்மா வீடு என்று அதற்கும் வேலை இருந்தது.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இக்னோவின் பாடப் புத்தகங்கள் அதன் இ-ஞான்கோஷ் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்கள் சேர நினைக்கும் படிப்பில் ஒரு பிளாக்கை (பாடப் புத்தகத்தின் ஒரு பகுதியை) இறக்கி, வழக்கமான வேலை நாட்களில், லீவு போடாமல், இரண்டு வாரம் படித்துப் பாருங்கள். எத்தனை மணி நேரம் உண்மையில் கிடைத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக வந்தால் ஒரு தடவைக்கு ஒரே ஒரு தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடமே பிடிக்கவில்லை என்றால் வேறு பாடம் பாருங்கள், ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு முறை சேர்க்கை இருக்கிறது.

சேர்ந்த பிறகு தேர்வு அட்டவணை வந்த அன்றைக்கே மேலாளரிடம் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். தேர்வு பெரும்பாலும் வேலை நாளில்தான் வரும்.