சதுரகிரி ஏறப் போறீங்களா? கேளுங்க, சொல்றேன்

இருபது வருஷமா ஏறி இறங்குற மலை. கேட்டவங்களுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

அண்ணே, மதுரையிலிருந்து எப்படிப் போறது?
கிருஷ்ணன்கோவில்ல இறங்கி வத்திராயிருப்பு, அங்கிருந்து தாணிப்பாறை. அடிவாரம் விருதுநகர் மாவட்டம். மேல சுந்தரமகாலிங்கம் கோயில் நம்ம மதுரை மாவட்டம், சாப்டூர் வனச்சரகம். அனுமதி உண்டான்னு விசாரிச்சுட்டுக் கிளம்புங்க தம்பி.

அடிவாரத்துல சொட்டு மழை இல்லை. ஆனாலும் ஏற விடலை. என்ன நியாயம்?
மழையை அடிவாரத்துல நின்னு பார்க்காதீங்க. மேகம் உச்சியில கொட்டும். செங்குத்தான பாறைச் சரிவு, தண்ணியை உறிஞ்ச மண் கிடையாது. கொட்டுனது அப்படியே ஓடைக்கு வந்துரும். மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறைன்னு வழியில ஓடையைக் கடந்துதான் ஆகணும். காலையில கணுக்கால் நனையுற தண்ணி, திரும்பும்போது ஆளை இழுக்கும். 2015 மே மாசம் அப்படி வந்த வெள்ளத்துலதான் பக்தர்கள் உயிர் போச்சு. இன்னும் நினைச்சா மனசு ஆறலை. தண்ணி கலங்குனாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேல இரைச்சல் கேட்டாலோ ஓடையில இறங்காதீங்க. மேடு பார்த்து உட்காருங்க. பொழுது போனாலும் பரவாயில்லை, இருங்க. கயிறு பிடிச்சுக் கடந்துரலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க.

அக்கா பையன் பெரிய அணிலைப் பார்த்தேங்கிறான். நிஜமா?
நிஜந்தான். நரை அணில். 1988ல ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம் வந்ததே அதுக்காகத்தான். பெரும்பாலும் தரைக்கு இறங்காம மரத்துக்கு மரம் தாவுற உயிர். கிளையோட கிளை கோத்திருக்கிற இடத்துலதான் கூடு கட்டும். நடுவுல ஒரு மரம் சாஞ்சா அதுக்குப் பாதையே அறுந்து போகும். 2021ல இந்தக் காடு மேகமலையோட சேர்ந்து புலிகள் காப்பகம் ஆச்சு. அண்ணாந்து பார்த்துக்கிட்டே சத்தமில்லாம நடந்தா உங்களுக்கும் தட்டுப்படும்.

அம்மாவுக்கு முட்டி வலி. கூட்டிட்டு வரலாமா?
ஏத்தத்தை விட இறக்கம்தான் முட்டியைப் பதம் பார்க்கும். நான் என் அம்மாவைக் கூட்டிட்டுப் போகலை. தாணிப்பாறையிலேயே மலையைக் கும்பிட வச்சேன்.

சாப்பாடு கட்டிட்டுப் போகலாமா?
தாராளமா. வாழை இலையில கட்டுங்க, பாலித்தீன் வேண்டாம். குரங்கு பிடுங்கித் தின்னா பையோட சேர்த்துத்தான் முழுங்கும்.