மணி பிளான்ட் வாடினால் முதலில் வேரைப் பாருங்கள்

கேள்வி: திருச்சியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். ஹாலில் பீங்கான் தொட்டியில் 4 வருடமாக மணி பிளான்ட் வளர்க்கிறேன். ஐப்பசி மழைக்கு அப்புறம் அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன, சில இலைகளில் பழுப்புப் புள்ளி. மண்மேல் வெள்ளையாகப் பஞ்சு போலப் படர்ந்திருக்கிறது. தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் விடுவேன். வாடுகிறதே என்று இப்போது இரண்டு டம்ளர் விடுகிறேன். கடையில் கொடுத்த கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லிப் பொடியை இலையில் இருமுறை தெளித்தும் பலன் இல்லை. பால்கனி ரோஜாவின் துளிரிலும் மாவு தூவியது போல இருக்கிறது. இரண்டும் ஒரே நோயா?

பதில்: சகோதரி, முதலில் அந்த இரண்டாவது டம்ளரை நிறுத்துங்கள். முதல் டம்ளரும் இப்போதைக்கு வேண்டாம்.

தண்ணீர் இல்லாத செடியும் வேர் அழுகிய செடியும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் வாடும். வேர் அழுகிவிட்டால், சுற்றிலும் ஈரம் இருந்தாலும் செடியால் உறிஞ்ச முடியாது. வாட்டத்தைப் பார்த்து மனசு கேட்காமல் நாம் மேலும் ஊற்றுவோம். அழுகல் இன்னும் வேகமாகப் பரவும். வீட்டுச் செடிகள் அதிகம் சாவது இப்படித்தான்.

செடியைத் தொட்டியிலிருந்து மெதுவாகக் கவிழ்த்து எடுங்கள். நல்ல வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகி, விரலால் இழுத்தால் தோல் மட்டும் உருவிக்கொண்டு வந்து, உள்ளே நூல் போல ஒன்று மிஞ்சும். மண்ணில் சாக்கடை வாடை அடிக்கும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இதைத்தான் காண்பீர்கள் என்று நினைக்கிறேன்.

மருந்து கேட்காததற்கும் காரணம் இருக்கிறது. நோய் வேரில், தெளித்தது இலையில். தவிர, ஈர மண்ணில் வேரை அழுகவைப்பதில் முக்கியமானது பித்தியம் என்ற கிருமி. பூஞ்சை போலவே இழையிழையாக வளர்ந்தாலும் அது உண்மையான பூஞ்சை இனம் இல்லை. மண்ணில் தேங்கிய நீரில் நீந்திப் போகும் வித்துகளை விடும். கார்பென்டாசிம் அதை ஒன்றும் செய்யாது.

சரி, இனி செய்ய வேண்டியது. பழைய மண்ணை உதறி, குழாய்த் தண்ணீரில் வேரைக் கழுவுங்கள். ஸ்பிரிட்டால் துடைத்த கத்தரிக்கோலால் அழுகிய வேரை நல்ல வேர் தெரியும் வரை வெட்டிவிடுங்கள். அந்த மண்ணை வேறு தொட்டியில் போட்டுவிடாதீர்கள். காப்பாற்ற வழியே இல்லாத அளவுக்கு வேர் போயிருந்தாலும் கொடி மேலே பச்சையாக இருக்குமே! இரண்டு மூன்று கணு வருவது போல வெட்டி, ஒரு கணு மூழ்கும்படி கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வையுங்கள், சில நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். எப்படியானாலும் இரண்டு துண்டு வெட்டி வைத்துக்கொள்வது நல்லது. 4 வருடச் செடியை முழுசாக இழக்க வேண்டியதில்லை.

புதுத் தொட்டி மண் தொட்டியாக, அடியில் துளை உள்ளதாக இருக்கட்டும். வேர் குறைந்துவிட்டதால் பழையதைவிடச் சிறியதே போதும். பெரிய தொட்டியில் ஈரம் காயாது. அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் நீர் ஜல்லிக்கு மேலேயே, வேர் இருக்கும் இடத்தில்தான் தேங்கும். துளைமேல் ஓர் ஓட்டுச் சில்லு போதும். செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மணல் மூன்றும் சமமாக, மண்புழு உரம் அவற்றில் ஒன்றின் பாதி அளவு. இந்தக் கலவை ஒரு கிலோவுக்கு 5 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்துவிடுங்கள். அது நோய்க் கிருமிகளோடு போட்டி போட்டு அடக்கும் நல்ல பூஞ்சை. ஆனால் கார்பென்டாசிம் இந்த நல்ல பூஞ்சையைக் கொன்றுவிடும், ஆகவே அந்தப் பொடியை இனி இதில் சேர்க்க வேண்டாம்.

மண்மேல் படர்ந்த வெள்ளைப் பூஞ்சணம் செடியைத் தாக்குவதில்லை, மட்கும் பொருளைத் தின்று வாழ்வது. மண் காயவில்லை என்பதற்கு அது அடையாளம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி எறியுங்கள், இலைமேல் தண்ணீர் தெளிப்பதையும் நிறுத்துங்கள்.

ரோஜாவில் இருப்பது வேறு நோய், சாம்பல் நோய். மற்ற பல பூஞ்சைகளைப் போல இதற்கு இலை நனைந்திருக்க வேண்டியதில்லை. காற்றில் ஈரப்பதமும் நெருக்கமான கிளைகளும் இருந்தால் போதும். பாதித்த நுனிகளை வெட்டி, காற்றோட்டம் கொடுங்கள். தொடக்கம் என்றால் ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வாரம் ஒருமுறை தெளித்துப் பாருங்கள். சாம்பல் நோய்க்குப் பால் உதவுவதைப் பிரேசிலில் சுக்கினிச் செடிகளில் சோதித்து 1999-இல் வெளியிட்டிருக்கிறார்கள். அடங்காவிட்டால் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்), லிட்டருக்கு 2 கிராம், மாலையில் தெளியுங்கள். கடும் வெயில் நாளிலும், வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கந்தகம் கூடாது, இலை கருகிவிடும். எந்த மருந்தையும் ஹாலுக்குள் தெளிக்காமல் பால்கனிக்குக் கொண்டுபோய்க் கையுறை போட்டுத் தெளியுங்கள்.

மணி பிளான்டுக்கு இனி நாள் கணக்கில் தண்ணீர் வேண்டாம். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் துளை வழியே வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். புதுத் துளிர் வர சில வாரம் ஆகலாம், அதுவரை உரம் எதுவும் போடாதீர்கள்.